கோபர் கேஸ்: இரண்டு வருடம் சமைத்த பிறகு

வேலைக்கும் போய்க்கொண்டு தோட்டத்து வீட்டையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்பவர்களை நான் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது, கட்டுத்தரைக்குப் பின்னால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் எங்கள் கோபர் கேஸ் கலனை, அதாவது மாட்டுச் சாணத்திலிருந்து சமையல் கேஸ் எடுக்கும் கலனைத்தான். மேலே பார்த்தால் ஒரு சின்ன மண்மேடு, அதன் உச்சியில் ஒரு குழாய், இந்தப் பக்கம் ஒரு தொட்டி, அந்தப் பக்கம் ஒரு தொட்டி, அவ்வளவுதான். 2023 பிப்ரவரியில் கட்டினோம். இரண்டு வருடத்துக்கு மேல் இதில் சமைத்தாகிவிட்டது, மழைக்காலமும் மார்கழியும் இரண்டிரண்டு முறை பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது எழுதுகிறேன். கட்டிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்த விமர்சனம் யாருக்கும் உதவாது. தோட்டம் குன்னத்தூர் பக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவள், பதினான்கு வருடமாக. ஆர்டர் கொடுக்கும் பையர் ஜெர்மனியில் இருக்கிறார், அவருக்கு விடியும்போது இங்கே மதியம் ஆகிவிடும், எனக்கு உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கும். லேப் டிப் என்கிற சாய மாதிரித் துணி சரியில்லை, சாம்பிளில் கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம், ஷிப்மென்ட்டை நாலு நாள் முன்னால் அனுப்ப முடியுமா என்று சாயங்காலம் முழுக்க மெயில் வந்துகொண்டே இருக்கும். ஷிப்மென்ட் வாரம் என்றால் வீடு வந்து சேர இரவு ஒன்பதாகும். வீட்டில் என் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார், அத்தை இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். மாடு என்று பார்த்தால் கலப்பினப் பசு இரண்டு, காங்கேயம் பசு ஒன்று, ஒரு கிடாரி. பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி, ஐம்பது தென்னை, கொஞ்சம் வாழை, வீட்டுக்குத் தேவையான காய்.

கடையில் வாங்குவதைக் குறைத்து முடிந்தவரை நம் தோட்டத்திலிருந்தே சாப்பிட வேண்டும் என்பது எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள ஆசை. ஆனால் வேலையை விடுகிற எண்ணம் என்றைக்கும் இருந்ததில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பல வருடம் முட்டி மோதிய பிறகுதான் ஒன்று புரிந்தது. தோட்டத்து வேலையில் கஷ்டமான வேலை, சுலபமான வேலை என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. நமக்காகக் காத்திருக்கும் வேலை எது, காத்திருக்காத வேலை எது என்று பார்க்க வேண்டும். பால் கறப்பது காத்திருக்காது. அரைத்து வைத்த மாவு காத்திருக்காது. கடலைக்காயைக் காய வைத்து மூட்டை கட்டி வைத்தால் செக்குக்கு எப்போது கொண்டுபோனாலும் சரி, அது காத்திருக்கும். வடகம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கும். ஒரு வருடம் சிப்பிக் காளான் போட்டேன், தினமும் இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிக்க வேண்டும், ஒரு ஷிப்மென்ட் வாரத்தில் நான் மூன்று நாள் கவனிக்காமல் விட்டதில் பை எல்லாம் காய்ந்து போய்விட்டது. கஷ்டமான வேலையே இல்லை அது, ஆனால் காத்திருக்காது. அதிலிருந்து எதைப் புதிதாகத் தொடங்கினாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

விறகு அடுப்பு இருக்கிறதே, அது கொஞ்சம்கூடக் காத்திருக்காது. பக்கத்திலேயே ஒரு ஆள் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆள் எங்கள் வீட்டில் அத்தை. எனக்கு மாதம் ஒரு சிலிண்டர், அதுபோக வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைப்பது, பிள்ளைகளுக்குப் பலகாரம் எல்லாம் விறகில். அத்தைக்குக் கண்ணில் நீர் வடிவது நிற்கவே இல்லை. அதுதான் நான் இதைத் தேடத் தொடங்கியதற்கு முதல் காரணம்.

சரி, கலனுக்கு வருகிறேன். நாங்கள் கட்டியது தீனபந்து மாடல், ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் கேஸ் தரக்கூடிய அளவு. இது 1984-ல் டெல்லியில் உள்ள அஃப்ப்ரோ என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கிய வடிவமைப்பு. செங்கல்லும் சிமென்ட்டும்தான், இரும்பு டிரம் கிடையாது. நம் அப்பா காலத்தில் பல தோட்டங்களில் இருந்ததே, கிணறு மாதிரி ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்துப்போட்ட இரும்பு டிரம், கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும், அது காதி கமிஷன் மாடல். அதில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று டிரம்மின் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், அடுப்பில் அழுத்தமும் கடைசி வரைக்கும் ஒரே சீராக வரும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், அவ்வப்போது பெயின்ட் அடிக்க வேண்டும், விட்டுவிட்டால் ஓட்டைதான். எங்கள் ஊரிலேயே அப்படித் துருப்பிடித்துக் கிடக்கும் டிரம் இரண்டைப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடிக்கவாவது எனக்கு நேரம் கிடைக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் மண்ணுக்குள் போவதே நல்லது என்று முடிவு செய்தோம். பிளாஸ்டிக் பை மாதிரி வருவதையும் ரெடிமேட் ஃபைபர் தொட்டியையும் பார்த்தோம், ஒரே நாளில் வைத்துவிடலாம் என்றார்கள். எங்கள் கோழிகளும் பிள்ளைகளும் வெயிலும் சேர்ந்தால் பை எத்தனை நாள் தாங்கும் என்ற பயத்தில் விட்டுவிட்டோம்.

அளவு விஷயத்தில் நிறையப் பேர் ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டிவிடுகிறார்கள். கணக்கு ரொம்ப எளிது. ஒரு கன மீட்டர் கேஸ் வர ஒரு நாளைக்குச் சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். எங்கள் கட்டுத்தரையில் மேய்ச்சலுக்குப் போனதுபோகச் சேர்வது 40 கிலோ, அதாவது பெரிய பெயின்ட் டப்பாவில் இரண்டு டப்பா. அதற்கு ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கன மீட்டர் வரைக்கும்தான் கேஸ். ஒற்றை அடுப்பை மூன்றரை மணி நேரம் எரிக்கலாம். ஐந்து பேருக்கு மூன்று வேளைச் சமையல் அதில் ஓடிவிடுகிறது, விருந்தாளி வந்தால் போதாது. எல்பிஜியோடு ஒப்பிட்டால் ஒரு கன மீட்டர் சாண கேஸ் ஏறத்தாழ 430 கிராம் எல்பிஜிக்குச் சமம், ஆக எங்களுக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று இருபது நாளில் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டியது பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கலனின் நல்லது கெட்டது எல்லாம் கொத்தனார் கையில் இருக்கிறது. அரைக்கோளமாகக் கூரை கட்ட வேண்டும், சாரம் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு செங்கல்லாக உள்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டே போவார்கள். வீடு கட்டும் கொத்தனார் எல்லோருக்கும் அது வராது. எங்களுக்குக் கட்டியவர் நிறையக் கட்டியிருக்கிறேன் என்றுதான் சொன்னார். குழி தோண்டியது, செங்கல், சிமென்ட், கூலி, குழாய், அடுப்பு எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் ஆனது. மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் வீட்டுக் கலன்களுக்கு மானியம் கொடுத்து வந்தது, இப்போதும் உண்டா என்று கட்டுவதற்கு முன்பே விசாரித்து, உண்டு என்றால் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், நாங்கள் அவசரப்பட்டு முதலில் கட்டிவிட்டோம்.

கட்டி முடித்து, ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு வைத்து, அப்புறம் முதல் முறை நிரப்புவதற்கு இரண்டு டன் சாணம் வேண்டும். நம் மாட்டுச் சாணத்தை மட்டும் நம்பினால் ஐம்பது நாள் ஆகும். அக்கம் பக்கத்து நாலு தோட்டத்தில் சொல்லி வைத்து ஒரு வாரம் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். காய்ந்த சாணம் ஆகாது, பச்சையாகத்தான் வேண்டும். சாணத்தின் அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றினோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கலனிலிருந்து பத்து வாளிக் கரைசல் கொண்டுவந்து சேர்த்தோம், தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. இதைச் செய்தால் சீக்கிரம் கேஸ் பிடிக்கும்.

பிடிக்கவில்லை. இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. முதலில் வரும் கேஸ் எரியாது என்று எனக்குத் தெரியும், அதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம், அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். ஆனால் எங்களுக்கு வெளியே விடுவதற்குக்கூட ஒன்றும் இல்லை. இந்த மாடலில் கேஸ் சேர்ந்தால் அது உள்ளே இருக்கும் கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்குத் தள்ளும், வெளித்தொட்டியில் மட்டம் ஏறும். எங்கள் தொட்டியில் மட்டம் ஏறவே இல்லை. கொத்தனாருக்குப் போன் செய்தால், "ஒண்ணும் இல்லீங்க்கா, இன்னும் பத்து நாள் பாருங்க, குளிர் போகோணுமல்ல" என்றார். மாசி மாத வெயிலில் குளிர் எங்கிருந்து வரும். என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்க் கூரை உச்சியில் குழாய் வெளியே வரும் இடத்தில் மண்ணை விலக்கி ஊற்றினார். குழாயைச் சுற்றி நுரை நுரையாகக் கொப்புளித்தது. சிமென்ட்டுக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி, மூன்று வாரக் கேஸும் அதில் போயிருக்கிறது. நான்காவது போனுக்குக் கொத்தனார் வந்தார், அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் பூசிக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் கூலியும் கேட்டார். கட்டுகிறவர்களிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: மண் மூடுவதற்கு முன் குழாய் வாயில் கசிவு பார்த்துக் காட்டினால்தான் கடைசித் தவணை என்று. எங்களுக்கு அந்த புத்தி பிறகுதான் வந்தது.

இன்னொன்று, கசிவு பார்க்கிறேன் என்று தீக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு யாரும் கலன் பக்கம் போகாதீர்கள். முதல் முறை பற்றவைப்பது அடுப்பில்தான், குழாய் வாயில் கூடாது. கலனுக்குள் ஆள் இறங்கவும் கூடாது, உள்ளே மூச்சுக்குக் காற்று இருக்காது.

பூசிய பத்தாம் நாள் அது எரிந்தது. நான் அன்றைக்குத் திருப்பூரில் இருந்தேன், பையரோடு காலில் இருக்கும்போது வீட்டிலிருந்து வீடியோ வந்தது. இரவு வந்துதான் பார்த்தேன், அதற்குள் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு அத்தை அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, நீலமா எரியுது பாரு, பொகையே இல்ல" என்று இரண்டு முறை சொன்னார்.

அடுப்பு சாதாரண கேஸ் அடுப்பு ஆகாது, இதற்கென்று ஜெட் துளை பெரிதாக உள்ள அடுப்பு தனியாக வாங்க வேண்டும். சாண கேஸில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அழுத்தமும் குறைவு. பழைய அடுப்பையே மாட்டினால் துக்குணியாக எரிந்து அணையும், அதைப் பார்த்துவிட்டு கோபர் கேஸ் சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். குழாயைத் திறக்கும்போது லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பற்றவைத்துவிட்டால் வாடை இல்லை, சாப்பாட்டிலும் வராது. முதல் நாள் என் மகள் சோற்றை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள், இப்போது மறந்தே போய்விட்டாள்.

காலை வேலையைச் சொல்கிறேன். ஐந்தரைக்கு எழுந்து வந்தால் கட்டுத்தரையில் சாணம் இரண்டு டப்பாவில் அள்ளி வைத்திருக்கும். உள்தொட்டியின் அடியில் ஒரு மரக்கட்டை அடைப்பு, அதைப் போட்டுவிட்டு டப்பாவைக் கவிழ்த்து அதே அளவு தண்ணீர் விட்டுக் கையால் கரைப்பேன். ஒரு கம்பி வைத்துக் கலக்கும் கருவி விற்கிறார்கள், எனக்குக் கைதான் சரி, ஏனென்றால் வைக்கோல் துரும்பும் சோளத்தட்டு முடிச்சும் கூழாங்கல்லும் கைக்குத்தான் தட்டுப்படும். விரலுக்கு நடுவில் கட்டி உடையும்போது உள்ளே இன்னும் சூடு இருக்கும், மார்கழியில் அது சுகமாகவே இருக்கும். துரும்பு உள்ளே போனால் மேலே மிதந்து ஆடை கட்டிவிடும், கேஸ் மேலே வராது. மண்ணும் கல்லும் போனால் அடியில் தங்கி வருடா வருடம் கொள்ளளவு குறையும். நல்ல தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் அடைப்பைப் பிடுங்கினால் கொளக்கென்று ஒரு சத்தம், தொட்டி முழுக்க ஒரே மூச்சில் இறங்கிவிடும். மொத்தமாக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் போன் திண்ணையில் கிடக்கும், கை சாணத்தில் இருப்பதால் எடுக்க முடியாது. ஒரு நாளில் என்னை யாரும் கூப்பிட முடியாத இருபது நிமிடம் எனக்கு அது ஒன்றுதான், அதை நான் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஷிப்மென்ட் வாரத்தில் என்ன ஆகிறது என்றால், ஒன்றும் ஆவதில்லை. இதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே எப்போதும் நாற்பது ஐம்பது நாளுக்கு உரிய சாணம் கிடந்து புளித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் ஊற்றாவிட்டாலும் மறுநாள் அடுப்பு எரியும். இரண்டு நாள் விட்டால் கொஞ்சம் குறையும், மூன்றாம் நாள் ஊற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐந்து மணிக்கு ஊற்றினாலும் ஏழு மணிக்கு ஊற்றினாலும் அதற்கு ஒன்றுதான். நான் வளர்த்ததிலும் வாங்கியதிலும் இவ்வளவு பொறுமையான பொருள் வேறு எதுவும் இல்லை.

வெளித்தொட்டியின் உள்சுவரில் சிவப்பு பெயின்ட்டில் மூன்று கோடு போட்டு வைத்திருக்கிறோம். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, என் வீட்டுக்காரரின் யோசனை. கரைசல் மேல் கோடு வரைக்கும் ஏறியிருந்தால் கேஸ் நிறைய இருக்கிறது, நடுக் கோடு என்றால் மதியச் சமையலுக்குப் போதும், கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் எல்பிஜியைப் பற்றவைக்க வேண்டியதுதான். நான் பஸ்ஸில் வரும்போதே அத்தை போனில் "ரெண்டு கோடு இருக்குது சாமி, சப்பாத்தி போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுவார். டிரம் மாடலில் கிடைக்கும் வசதி இதிலும் இப்படிக் கிடைத்துவிட்டது. அழுத்தம் மட்டும் சீராக இருக்காது, காலையில் தீ கொழுந்தாக நிற்கும், தீரத் தீரச் சோர்ந்துபோகும். அதனால் பருப்பு, குழம்பு, இட்லி எல்லாம் காலையில், பால் காய்ச்சுவது சூடு பண்ணுவது எல்லாம் சாயங்காலம் என்று சமையலையே அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டேன். ஆறு மணிக்குப் பற்றவைத்தால் ஏழரைக்குள் மூன்று பேர் டப்பாவும் மதியக் குழம்பும் முடிந்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

குறைகளையும் விடாமல் சொல்கிறேன். மார்கழி, தை இரண்டு மாதமும் கேஸ் குறையும். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வாக்கில்தான் சுறுசுறுப்பு, குளிர்ந்தால் மெதுவாகிவிடும். எங்களுக்கு அந்த இரண்டு மாதம் பாதி எல்பிஜிதான். வெயிலில் வைத்த தண்ணீரில் கரைத்து மதியம் ஊற்றினால் கொஞ்சம் தேவலை, வேலைக்குப் போகிறவளுக்கு அது முடிகிற காரியமா. முதல் ஐப்பசி மழையில் உள்தொட்டி திறந்தே கிடந்ததால் மழைத்தண்ணீர் எல்லாம் உள்ளே போய்க் கரைசல் நீர்த்துவிட்டது, பத்து நாள் கேஸ் இல்லை. இப்போது ஒரு தகரம் மூடி வைக்கிறோம். ஒரு முறை கட்டுத்தரையைப் பினாயில் போட்டுக் கழுவி அந்தத் தண்ணீரையே சாணத்தில் கலந்துவிட்டார்கள், அதிலும் ஒரு வாரம் படுத்துவிட்டது. சோப்பு, டெட்டால், பினாயில் எதுவும் ஆகாது. மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டால் அந்த மாட்டின் சாணத்தை ஒரு வாரம் தனியாக எருக்குழியில் போட்டுவிடுங்கள், ஆன்டிபயாடிக் மாட்டின் வயிற்றோடு நிற்பதில்லை. அப்புறம் குழாயில் தண்ணீர் கோத்துக்கொள்வது. கேஸோடு நீராவியும் வந்து குழாயில் குளிர்ந்து தேங்கும், அப்போது தீ பக் பக் என்று துள்ளும். குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு கேட்டு வாங்கி வையுங்கள். எங்களுக்கு அதை வைக்க மறந்து, பிறகு குழாயை வெட்டி வைத்தோம்.

வெளியே வரும் கரைசலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். உள்ளே எவ்வளவு போகிறதோ ஏறத்தாழ அவ்வளவு வெளியே வரும், ஒரு நாளைக்கு 80 லிட்டர். வாடை கிடையாது, ஈ மொய்க்காது. வாய்க்கால் வெட்டித் தென்னைக்கும் வாழைக்கும் தீவனப்புல்லுக்கும் மாற்றி மாற்றி விடுகிறோம். எருவில் வரும் களை விதை பெரும்பாலும் உள்ளேயே மடிந்துவிடுவதால் வாழைக்குக் களையெடுப்பு குறைந்திருக்கிறது. பழைய எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழு கட்டை விரல் பருமனில் கிடக்கும், அதுதான் வளர்ந்து தென்னங்குருத்தைக் குடையும். அந்தக் குழியே இப்போது கிட்டத்தட்ட இல்லை. இரண்டு வருடமாகத் தென்னைக்கு யூரியா வாங்கவில்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் கேஸ் அவருக்கு இரண்டாம் பட்சம், இதற்காகவே கட்டலாம் என்பார்.

எனக்கு இதில் வேறொரு நிறைவும் இருக்கிறது. திருப்பூரில் வேலை செய்கிறவர்களுக்குச் சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, ஆர்டர் எல்லாம் நின்றுபோய் ஊரே உட்கார்ந்திருந்தது. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் பட்டறைகள் திரும்ப ஓடின. அந்த விதியை என் வீட்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இன்றைக்கு எங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போகும் குப்பை என்றால் பிளாஸ்டிக் கவர் மட்டும்தான்.

காசுக் கணக்கு. முன்பு வருடத்துக்குப் பன்னிரண்டு சிலிண்டர், இப்போது மூன்று. ஒன்பது சிலிண்டர் மிச்சம், ஒன்று எண்ணூற்று ஐம்பது என்று வைத்தால் வருடம் 7,650 ரூபாய். போட்ட 52,000 திரும்ப வர ஏழு வருடம் ஆகும். விறகு, யூரியா எல்லாம் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் வரலாம். காசுக்காக மட்டும் கட்டுவதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள். மாடு இல்லாதவர்கள், இந்தக் கலனுக்காக மாடு வாங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், மாடு காத்திருக்காது. மாடு ஏற்கெனவே இருக்கிறது, சாணம் எருக்குழிக்குத்தான் போகிறது, வீட்டில் யாரோ ஒருவர் விறகுப் புகையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் கட்டிவிடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் மார்கழிக்காகக் குறைக்கிறேன். கட்டிய வேலைக்கு என்று தனியாகக் கேட்டால் இரண்டுதான்.

எங்கள் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அக்கா, இரண்டு மாடு வைத்திருக்கிறார், பெருமாநல்லூர் தாண்டி வீடு. அவருக்கு 1 கன மீட்டர் போதும் என்று சொல்லியிருக்கிறேன், குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி, சமையலறைக்குப் பக்கமாக, நாள் முழுக்க வெயில் படும் இடமாகப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, நாங்கள் இருவரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "அதெல்லாம் சரி கண்ணு, தெனமும் சாணத்துல கைய வெச்சுட்டு ஆபீசுக்கு வந்தா நாத்தம் வராதா" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வெளிக்குழாய் பக்கத்தில் ஒரு டப்பாவில் அரப்புத் தூள் வைத்திருக்கிறேன், அதைப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன். பதில் சொல்லாமல் கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, அந்தக் கொத்தனார் வேண்டாம், வேறு நல்ல ஆள் இருந்தால் நம்பர் கொடு என்றார்.